சீரியலும் சபை ஆசனமும்: வெகுசனப் பண்பாட்டில் பெண்ணிய ஆய்வு எதைத் தேடுகிறது?

ஒரு பெண் விரிவுரையாளர் டிவி நாடகங்களையோ சினிமாப் பாட்டுகளையோ தேர்தல் சுவரொட்டிகளையோ ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார் என்று செய்தி வந்தால், வழக்கமாக இரண்டு விதமான பேச்சுக் கிளம்பும். "நாடகம் பார்க்கிறதுக்கும் பட்டமா?" என்பது ஒன்று. "பெண்ணியம் என்றால் படத்தைத் தடை செய்யச் சொல்வார்கள்" என்பது மற்றது. அந்த ஆய்வு என்ன செய்கிறது என்று தெரியாததால் வரும் பேச்சுகள் இவை. திருகோணமலையில் இதைக் கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை கூடுதலாக இருக்கிறது. சேலை, அபாயா, தாய், பிள்ளையின் படம் என்று வீட்டுக்குள் இருக்கிற சாதாரண விடயங்கள் எல்லாம் இந்த நகரத்தில் அரசியலாகி வீதிக்கு வந்திருக்கின்றன.

முதலில் நான்கு சொற்கள்

1. வெகுசனப் பண்பாடு. பெருந்தொகையான மக்கள் அன்றாடம் பார்த்து, கேட்டு, பகிர்ந்துகொள்ளும் எல்லாம் இதில் அடங்கும்: சினிமா, டிவி நாடகம், வானொலி, விளம்பரம், கோயில் திருவிழா இன்னிசை நிகழ்ச்சி, மினிபஸ்ஸில் ஓடும் வீடியோப் பாட்டு, டிக்டொக், முகநூல் மீம், தேர்தல் சுவரொட்டி. தரமானதா, இல்லையா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. எத்தனை பேருடைய நாளுக்குள் அது புகுந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

2. பால்நிலை. ஆணாகவோ பெண்ணாகவோ பிறப்பது ஒன்று. "பொம்பிளைப் பிள்ளை சத்தமாய்ச் சிரிக்கக்கூடாது", "ஆம்பிளை அழக்கூடாது" என்று ஊர் சொல்லிக்கொடுப்பது இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் பால்நிலை. தமிழ்நாட்டில் பாலினம் என்று எழுதுவார்கள். இலங்கையில் பால்நிலை என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

3. அரசியல். கட்சி, தேர்தல், பாராளுமன்றம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் இந்த ஆய்வு விளங்காது. யார் பேசலாம், யார் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், யாருடைய கண்ணீர் செய்தியாகும், இருட்டிய பிறகு யார் சந்தியில் நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் அரசியல்.

4. சித்திரிப்பும் பிரதிநிதித்துவமும். இவை ஒட்டிக்கொண்டே வரும் இரட்டைச் சொற்கள். படத்தில் ஒரு பெண்ணைக் காட்டும் விதத்துக்கும், சபையில் ஒருவர் எங்கள் சார்பில் உட்காருவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். தமிழில் இரண்டு சொல் இருப்பது தெளிவுக்கு நல்லது. ஆனால் இரண்டையும் கட்டியிருக்கும் கயிறு அதில் மறைந்துபோகிறது. பெண்ணை எப்படிப்பட்டவளாகக் காட்டிக் காட்டிப் பழக்கியிருக்கிறோமோ, அப்படிப்பட்டவள் வந்தால்தான் சபையில் அவளை ஏற்றுக்கொள்கிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

கமரா யாருடைய கண்?

இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம் 1975. பிரித்தானியாவின் திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி அந்த ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹொலிவூட் படங்களில் கமரா பார்க்கிறது, கதாநாயகன் பார்க்கிறான், ரசிகன் பார்க்கிறான். இந்த மூன்று பார்வையும் ஒரே கோட்டில் சேர்ந்து ஆணின் பார்வையாகிறது, பெண் பார்க்கப்படுபவளாக நிற்கிறாள் என்று அவர் எழுதினார். 'ஆண் பார்வை' என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்தது.

கேட்க ஏதோ பெரிய தத்துவம் போல இருக்கும். ஆனால் நாங்கள் பார்க்கிற படங்களில் ஒரு சின்ன விடயத்தைக் கவனித்தால் போதும். கதாநாயகனும் கதாநாயகியும் அறிமுகமாகும் காட்சி பெரும்பாலும் காலில்தான் தொடங்கும். அவனுடைய சப்பாத்து நிலத்தில் மோதும், தூசி கிளம்பும், எதிரே நிற்பவர்கள் ஒரு அடி பின்னே போவார்கள். அந்தக் கால் ஒரு வேலை செய்கிறது. அவளுடைய கால் வரும்போது கொலுசு தெரியும், பிறகு இடுப்பு, பிறகு காற்றில் பறக்கும் கூந்தல், கடைசியில்தான் முகம். அவள் இன்னும் எதுவுமே செய்யவில்லை. ஆனால் நாங்கள் அவளைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்துவிட்டோம். ஆய்வாளர் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். யார் எத்தனை நிமிடம் பேசினார்கள், யாருடைய முகத்தில் காட்சி முடிந்தது, எவருடைய சொல்லுக்குப் பிறகு இசை மாறியது என்று எண்ணிக் குறிப்பார்கள்.

மல்வியின் வாதத்துக்கு எல்லை உண்டு. அவர் பேசியது பழைய ஹொலிவூட் படங்களைப் பற்றி. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1992இல் அதை மறித்துக் கேட்டார்: திரையில் தன்னைப் போன்ற ஒருத்தியே இல்லாதபோது, கறுப்பினப் பெண் எந்தப் பெண்ணாகத் தன்னை நினைத்துக்கொண்டு படம் பார்ப்பாள்? அவள் எதிர்த்துத்தான் பார்ப்பாள் என்றார் அவர். சென்னையில் எடுத்த படத்தைத் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து பார்க்கிற பெண்ணுக்கும் இந்தக் கேள்வி உண்டு. திரையில் வரும் ஊர், சாதி, மதம், பேச்சு எதுவும் அவளுடையவை அல்ல. அவள் எதைப் பிடித்துக்கொள்கிறாள், எதைத் தள்ளிவிடுகிறாள் என்பதை அவளிடமே கேட்டால்தான் தெரியும்.

நாடகம் பார்க்கிறவர்கள் ஏமாளிகளா?

இல்லை. இந்தத் துறை தன்னைத் தானே திருத்திக்கொண்ட முக்கியமான இடம் இது.

1973இல் பிரித்தானியாவின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் ஒரு விளக்கம் தந்தார். ஒரு நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் அதற்குள் ஓர் அர்த்தத்தை வைத்து அனுப்புகிறார். பார்ப்பவர் அதை அப்படியே எடுப்பார் என்று உறுதி கிடையாது. மூன்று விதமாக எடுக்கலாம் என்றார். உப்புவெளியில் ஒரு வீட்டில் இரவு நாடகம் ஓடுகிறது என்று வையுங்கள். மருமகள் எல்லா அவமானத்தையும் பொறுத்துக்கொண்டு சாமி அறையில் விளக்கேற்றுகிறாள்.

1. "இப்படித்தான் இருக்க வேணும், குடும்பம் நிலைக்கும்" என்று மாமியார் சொன்னால், வைத்த அர்த்தத்தை அப்படியே எடுத்துவிட்டார்.

2. "பொறுமை நல்லதுதான், ஆனால் நகையையெல்லாம் கழற்றிக் குடுத்தது சரியில்லை" என்று மருமகள் சொன்னால், பேரம் பேசி எடுக்கிறார்.

3. "இவள் வேலைக்குப் போகாமல் ஏன் அழுதுகொண்டிருக்கிறாள்?" என்று ஏ.எல். படிக்கிற மகள் கேட்டால், எதிர்த்து எடுக்கிறாள்.

ஒரே நாடகம், ஒரே கூடம், மூன்று வாசிப்பு. இதைக் களத்தில் காட்டியவர்களும் பெண் ஆய்வாளர்கள்தான். நெதர்லாந்தில் இயன் ஆங், 'டாலஸ்' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்ப்பவர்கள் தனக்கு எழுதும்படி ஒரு பெண்கள் சஞ்சிகையில் விளம்பரம் போட்டார். 42 கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்தே ஒரு முழு நூல் எழுதினார். அந்தச் செல்வமும் மாளிகையும் பொய் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அதில் வரும் துயரம் தங்களுக்குத் தெரிந்த துயரம் என்று அவர்கள் உணர்ந்தார்கள். அமெரிக்காவில் ஜானிஸ் ராட்வே 1984இல் காதல் நாவல் வாசிக்கும் பெண்களைப் பற்றி எழுதினார். கதையில் என்ன இருக்கிறது என்று கேட்கப் போனவருக்கு வேறு பதில் கிடைத்தது. புத்தகத்தைக் கையில் எடுத்தால், கணவனும் பிள்ளைகளும் தன்னை ஏவாத ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றார்கள் அந்தப் பெண்கள். கதையை விட அந்த ஒரு மணி நேரம்தான் பெரிது.

எங்கள் ஊர் நாடக நேரத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். காலையில் எழும்பி இரவு வரை மற்றவர்களுக்காகவே ஓடும் ஒரு பெண், "நாடகம் போகுது, பிறகு வாறன்" என்று சொல்லக்கூடிய நேரம் நாளில் அந்த அரை மணிதான். நாடகம் பார்ப்பதைக் கேலி செய்கிறவர்கள் முதலில் அந்த நாளின் மீதி நேரத்தைப் பார்க்க வேண்டும்.

தாய்: பெண்ணுக்கு அரசியலில் திறந்த பெரிய வாசல்

சித்திரிப்பும் பிரதிநிதித்துவமும் மிக இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கும் இடம் இது. இலங்கை ஆய்வாளர்கள் ஆழமாக வேலை செய்ததும் இங்கேதான்.

'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்று அடி பாடசாலை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டது. பாடியவர் பொன்முடியார் என்ற பெண்பாற்புலவர். பெற்று வளர்ப்பது தாயின் கடன், யானையை எறிந்து போர்க்களத்திலிருந்து மீள்வது மகனின் கடன் என்று அந்தப் பாட்டு கடமைகளைப் பங்கிடுகிறது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு, 1995இல் வெளிவந்த தன் கட்டுரையில், தமிழ்த் தேசிய அரசியலுக்குள் 'பெண்' என்ற உருவம் எப்படிக் கட்டப்பட்டது என்று ஆராய்ந்தார். மகனைப் போருக்கு அனுப்பும் வீரத்தாய், பிறகு ஆயுதம் ஏந்திய பெண் என்று அந்த உருவம் மாறி மாறி வந்தது. கவிதை, மேடைப் பேச்சு, சுவரொட்டி எல்லாம் அதைச் சுமந்தன. கவிதையில் வந்தது என்பதற்காக அது வெறும் இலக்கியம் என்று விட்டுவிட முடியாது. ஒரு பெண் எப்படித் துக்கப்பட வேண்டும் என்பதைக்கூட அந்த உருவம் சொல்லிக்கொடுத்தது.

மறுபக்கத்தில், அதே தாய் என்ற சொல்தான் பெண்களுக்கு அரசை எதிர்த்துப் பேச இடமும் கொடுத்தது. 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கைது செய்யப்பட்டபோது அன்னையர் முன்னணி உருவானது. கிழக்கில் மட்டக்களப்பிலும் அது இயங்கியது. தெற்கில், ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இழந்த சிங்களப் பெண்கள் 1990இல் தங்கள் அன்னையர் முன்னணியை அமைத்தார்கள். இந்தத் தென்னிலங்கை இயக்கத்தைத்தான் மானுடவியலாளர் மாலதி டி அல்விஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் 2021இல் காலமானார். அவருடைய வாதத்தை இப்படிச் சுருக்கலாம்:

1. மற்ற எல்லா எதிர்ப்பையும் அரசு நசுக்கிய காலத்தில், பிள்ளையைத் தேடும் தாயை அடிப்பது அரசுக்கே வெட்கக்கேடாக இருந்தது. ஆகவே தாய்மார் வீதிக்கு வர முடிந்தது.

2. அவர்களுடைய கண்ணீரும் சாபமும் அரசியல் மொழியாயின. 1992இல் அந்தத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் கூடித் தேங்காய் உடைத்து, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தார்கள். சிங்களத் தாய்மார், எங்களுடைய காளி அம்மன் முன்னால். கிராமத்துப் பெண்ணுக்கு நன்றாகத் தெரிந்த நேர்த்தியும் சாபமும் அன்று அதிகாரத்துக்கு எதிரான ஆயுதமாயின.

3. ஆனால் அந்த வாசலுக்குள் ஒரு பொறி இருந்தது. தாயாக வந்தவரைத் தாயாகவே மடக்கலாம். பிள்ளையைச் சரியாகப் பார்த்து வளர்த்திருந்தால் இப்படி நடந்திருக்குமா என்று அரசுத் தரப்பு திருப்பிக் கேட்டது. எதிர்க்கட்சி அவர்களை மேடையில் அழவைத்தது. பேசியதோ ஆண் அரசியல்வாதிகள்தான்.

இந்த மூன்றாவது புள்ளியைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். 2017இலிருந்து வடக்குக் கிழக்கெங்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் நடத்திவருகிறார்கள். திருகோணமலையும் அதில் உண்டு. பெரும்பாலானோர் தாய்மார், மனைவிமார். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்திருக்கிறார்கள். அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் பல இடங்களில் அது அடையாள அட்டைக்கு எடுத்த படமாகவோ, கலியாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த படமாகவோ இருக்கும். ஓரத்தில் வேறொருவரின் தோள் பாதி தெரியும். வெயிலில் பிடித்துப் பிடித்து மட்டை வெளிறியிருக்கும். செய்திப் படப்பிடிப்பாளர் வந்தால் அந்தப் பெண் அழும் கணத்துக்காகக் காத்திருப்பார். அந்தப் பெண் முன்பு எந்தக் காரியாலயத்துக்குப் போனார், எந்தக் கடிதத்துக்கு என்ன பதில் வந்தது, எந்தச் சட்டத்தின் கீழ் என்ன கேட்கிறார் என்று அவர் பேசும் பத்து நிமிடம் செய்தியில் வராது. அழும் பத்து விநாடி வரும். அவரிடம் இருக்கும் அறிவைத் தள்ளிவிட்டுக் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்வது ஒரு சித்திரிப்பு. அவரைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கூப்பிடாமல் விடுவது அதன் விளைவு.

பதவி அரசியலுக்குள் வந்த பெண்களும் உறவு முறையைத்தான் வாசலாகக் கண்டார்கள். இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. அன்றைய சட்டமன்றமான அரசுச் சபைக்கு முதலில் தெரிவான பெண் அடலின் மொலமுரே, தந்தை இறந்து வெறுமையான ஆசனத்துக்கு வந்தார். நெய்சம் சரவணமுத்து 1932இல் கணவரின் ஆசனம் பறிபோனபின் கொழும்பு வடக்கில் நின்று வென்றார். சிறிமாவோ பண்டாரநாயக்க கணவர் 1959இல் கொல்லப்பட்டபின், 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானார். 1994இல் அவர் மகள் சந்திரிகா பிரதமராக வந்தார். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆருடன் 28 படங்களில் ஜோடியாக நடித்த ஜெயலலிதா, அரசியலில் நிலைக்க 'அம்மா' ஆக வேண்டியிருந்தது. எம்.ஜி.ஆரின் திரை உருவம் வாக்காக மாறிய விதத்தை ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் நூலாக எழுதினார். திரையில் திமிர் பிடித்த பெண்ணை அடக்கும் அதே நாயகனைத் தாய்க்குலம் தெய்வமாகக் கொண்டாடிய புதிரை அவர் விடாமல் துருவினார். 2024இல் ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது, குடும்ப வழியில் வராத முதல் பெண் பிரதமர் இந்த நாட்டுக்குக் கிடைத்தார். அவர் மானுடவியல் படித்த பல்கலைக்கழக விரிவுரையாளர். சிறிமாவோவிலிருந்து அந்த நாள் வர 64 ஆண்டு பிடித்தது. மகள், மனைவி, விதவை, தாய் என்ற நான்கு உருவங்களுக்கு வெளியே ஒரு பெண் தலைவரை மக்கள் மனதில் வரைய எந்தக் கதையும் எங்களிடம் இருக்கவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

சேலையும் அபாயாவும்

2018 ஏப்ரலில் திருகோணமலையில் பெண்கள் பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிச் சர்ச்சை எழுந்தது. பாடசாலை வாசலில் ஆர்ப்பாட்டம், பதில் அறிக்கைகள், முகநூலில் நாட்கணக்கான சண்டை. சேலைதான் எங்கள் பண்பாடு என்றது ஒரு தரப்பு. அபாயா எங்கள் உரிமை என்றது மற்றத் தரப்பு. யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் வேறு. இப்படி ஒரு சண்டை ஏன் பெண்களின் உடையில் வந்து விழுகிறது என்பதுதான் பெண்ணிய ஆய்வின் கேள்வி.

சமூகவியலாளர்கள் நிரா யுவல்-டேவிஸ், புளோயா அந்தியாஸ் இருவரும் 1989இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஓர் இனமோ மதமோ தன் எல்லையைக் காட்ட விரும்பும்போது, அந்த எல்லைக் கோட்டைப் பெண்ணின் உடலில் கீறுகிறது. ஆண் எந்த உடுப்பிலும் போகலாம். பெண் தடம் மாறினால் சமூகமே தடம் மாறியதாகிவிடும். திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம், தமிழ், சிங்களம் என்று மூன்று சமூகங்களும் ஒன்றையொன்று முழுதாக மீற முடியாத அளவில் வாழ்கின்றன. எல்லைக் கோடு அடிக்கடி கீறப்படுவதற்கு அதுவே காரணம். 2018இல் மேடையிலும் ஊடகத்திலும் ஓங்கி ஒலித்தவை பெரும்பாலும் ஆண் குரல்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைமை என்று நாங்கள் நம்பும் உடைகளுக்கும் பிறந்த நாள் உண்டு. கரையோரச் சிங்களப் பெண்கள் ஐரோப்பியக் கவுன் அணிவதை பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால கண்டித்து, கண்டிச் சேலைக்கு மாறச் சொன்னது 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தையொட்டித்தான். மரியாதை என்ற எண்ணம் பத்திரிகை, பேச்சு, படம் வழியாகப் பெண்ணின் உடலில் எப்படி ஏறியது என்று டி அல்விஸ் இதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்குள் சேலை வாங்கிக் கட்டுப்படியாகாமல் சில ஆசிரியைகள் வேறு கண்ணியமான உடையில் பாடசாலைக்குப் போய்ப் படம் எடுத்துப் போட்டபோது நாடே கொந்தளித்தது. உடுப்பின் விலையைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

கடற்கரையும் முகாமும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதாதவர் யார்? ஆழம், எண்ணெய்க் குதங்கள் 99, இந்தியா, சீனா, அமெரிக்கா, 1942இல் ஜப்பான் குண்டு போட்டது, 1957இல் பிரித்தானியக் கடற்படை போனது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அதில் ஒரு பெண் இருக்கமாட்டாள்.

அமெரிக்க ஆய்வாளர் சிந்தியா என்லோ 1989இல் எழுதிய நூலின் தலைப்பில் வாழைப்பழம், கடற்கரை, படைமுகாம் மூன்றும் இருக்கின்றன. 'பெண்கள் எங்கே?' என்ற ஒரே கேள்வியை வைத்துச் சர்வதேச அரசியலைத் திரும்ப வாசித்தார். முகாம் இருந்தால் அங்கே துணி துவைப்பவர், சமைப்பவர், காத்திருக்கும் மனைவி, காதலித்துக் கைவிடப்பட்டவர் எல்லாரும் இருப்பார்கள். அவர்கள் இல்லாமல் முகாம் ஓடாது. உல்லாசப் பயண விளம்பரத்தில் சிரிக்கும் பெண்ணும் அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையின் ஒரு துண்டு என்றார். வாழைப்பழ அத்தியாயத்தில், கார்மன் மிராண்டா என்ற பிரேசில் நடிகையின் திரை உருவம் எப்படி இலத்தீன் அமெரிக்காவை அமெரிக்கர்களுக்கு இனிப்பாக்கிக் காட்டியது என்று விளக்கினார்.

கடற்கரையும் படைமுகாமும் சேர்ந்தே இருக்கும் ஊர் எங்களுடையது. நிலாவெளி, உப்புவெளி விளம்பரப் படங்களில் யார் படுத்திருக்கிறார்கள், யார் தட்டோடு நிற்கிறார்கள், மீன் காய வைக்கும் பெண் ஏன் படத்தின் சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டாள் என்று ஒருவர் எண்ணத் தொடங்கினால் அதுவே ஒரு ஆய்வு. போர்க்கால விளம்பரமும் திரைப்படமும் சிப்பாயையும் தற்கொலைப் போராளிப் பெண்ணையும் எப்படிக் காட்டின என்று கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நெலூபர் டி மெல் 2007இல் வெளியிட்ட நூல் இந்த வழியில் முக்கியமானது. சண்டை நடக்காத வீட்டின் வரவேற்பறைக்குள்ளும் இராணுவ மனநிலை எப்படி வந்து உட்காருகிறது என்பதை அவர் காட்டினார்.

25 வீதம் வந்த பிறகு

உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதத்துக்கும் குறைவாக இருந்த நாடு இது. 2016, 2017 சட்டத் திருத்தங்கள் 25 வீத ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தன. 2018 பெப்ரவரித் தேர்தலில் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. பெண் உறுப்பினர் பங்கு 20 வீதத்தைத் தாண்டியது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு:

1. 60 வீதம் உறுப்பினர் வட்டாரத்திலிருந்தும், 40 வீதம் கட்சி கொடுக்கும் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள்.

2. கட்சிகள் வட்டார வேட்பாளரில் 10 வீதம் பெண்களை நிறுத்தினால் போதும். பட்டியலில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

3. ஆகவே பெரும்பாலான பெண்கள் பட்டியல் வழியாகவே சபைக்கு வந்தார்கள். "சனம் போட்டு வந்தவளா, பட்டியலில் வந்தவளா?" என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

சட்டம் ஆசனத்தைக் கொடுத்தது. அந்த ஆசனத்தில் உட்கார்ந்தவரைப் பற்றிய கதையைச் சட்டத்தால் கொடுக்க முடியாது. அந்தக் கதை நாடகத்திலிருந்தும் படத்திலிருந்தும் மீமிலிருந்தும் வருகிறது. சத்தமாகப் பேசும் பெண் நாடகத்தில் வில்லி. அதே பெண் வீதி விளக்கு ஏன் எரியவில்லை என்று சபையில் சத்தமாகக் கேட்டால் "வாய்க்காரி". கூட்டம் முடிந்து இருட்டில் சபை ஆண் உறுப்பினருடன் ஒரே ஆட்டோவில் வந்தால் கதை வேறு பக்கம் போகும். இதைத் தவிர்க்க அவர் சுவரொட்டியில் சேலை, கைகூப்பு, குனிந்த சிரிப்பு என்று தாயாகவோ அக்காவாகவோ தோன்றுகிறார். பக்கத்தில் நிற்கும் ஆண் வேட்பாளர் கையை நீட்டி எதையோ சுட்டிக்காட்டுகிறார். 2024 நவம்பரில் தெரிவான பாராளுமன்றத்தில், இதுவரை இல்லாத அளவு பெண்கள் வந்தும், 225 பேரில் அவர்கள் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. அங்கே ஒதுக்கீடும் இல்லை.

இந்த ஆய்வு எப்படி நடக்கிறது?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழியும் தொடர்பாடலும் படிப்பிக்கிறார்கள். அங்கே படிக்கும் ஒரு மாணவி இந்த வழியில் போக நினைத்தால் வேலை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

1. பொருளைச் சுருக்குவது. 'சினிமாவில் பெண்கள்' என்றால் கடலைக் குடத்தில் அள்ளுவது போல. ஒரு தேர்தல், ஒரு நகரம், அதன் சுவரொட்டிகள் என்றால் முடியும்.

2. சேகரிப்பது. படம் எடுத்து, திகதி, இடம், கட்சி, யார் நடுவில், யார் ஓரத்தில், எழுத்தின் அளவு, உறவுச் சொல் எது என்று பதிவது. இங்கே மூன்று மொழிச் சுவரொட்டிகளும் கிடைக்கும். ஒரே வேட்பாளர் தமிழில் 'அக்கா'வாகவும் சிங்களத்தில் வேறொன்றாகவும் வந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

3. கேட்பது. பார்த்தவர்களிடமும், படத்தில் இருப்பவரிடமும். அந்தப் படத்தை யார் தெரிவு செய்தது, எந்தப் படத்தை வேண்டாம் என்றார்கள் என்று கேட்டால் எதிர்பாராத பதில்கள் வரும்.

4. தன் இடத்தைச் சொல்வது. ஆய்வாளர் எந்தச் சமூகம், எந்தச் சாதி, எந்த மொழி, கேட்கப் போன வீட்டில் அவரைக் கதிரையில் இருத்தினார்களா, திண்ணையில் இருத்தினார்களா என்பதெல்லாம் ஆய்வின் பகுதி. பெண்ணிய ஆய்வு இதை மறைப்பதில்லை.

இந்தத் துறைக்கு உள்ள நியாயமான குறை ஒன்று உண்டு. டி அல்விஸ், டி மெல் போன்றோரின் முக்கிய எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்தத் தாய்மாரால் அவற்றை வாசிக்க முடியாது. தமிழில் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த பெண் கவிஞர்களின் 'சொல்லாத சேதிகள்' 1986இல் யாழ்ப்பாணத்தில் வந்தது; 'நிவேதினி' போன்ற பெண்ணிய இதழ்களும் வந்தன. ஆனால் சீரியலையும் சுவரொட்டியையும் டிக்டொக்கையும் எடுத்து, மூதூரில் இருக்கிற ஒரு பெண் வாசித்து மறுப்புச் சொல்லக்கூடிய தமிழில் எழுதும் வேலை பெரும்பாலும் இனித்தான் நடக்க வேண்டும்.

அப்புறம் ஒரு விதி, எழுத்தில் உள்ளதும் எழுத்தில் இல்லாததும். பதிவு செய்ய முன்பு அனுமதி கேட்க வேண்டும், பெயரை மாற்ற வேண்டும் என்பது பல்கலைக்கழகம் எழுதி வைத்தது. தேத்தண்ணி குடித்து முடிந்து, ரெக்கோடரை நிறுத்திய பிறகு அந்த அம்மா நெஞ்சில் உள்ள பெரிய விடயத்தைச் சொல்லிவிட்டு, "இதை மட்டும் எழுதாதேங்கோ பிள்ளை" என்பார். அது ஆய்வின் மிகச் சிறந்த பக்கமாக இருக்கலாம். அதை எழுதக்கூடாது.